பன்னிரண்டு மணிக்கு நாங்கள் நின்ற இடங்கள்

போன கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாவின் மகன் ஒரு கேள்வி போட்டிருந்தான். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பிரான்சின் தெற்கே ஆர்டெஷ் என்ற கிராமப் பக்கத்துக்குப் போகிறானாம். "பாக்க வேண்டிய இடங்கள் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ" என்று எழுதி, கீழே ஒரு சூரியகாந்திப் பூவும் இரண்டு கைகூப்பும். உடனே யாரோ பாரிஸில் எந்தக் கடையில் கொத்துரொட்டி நல்லது என்று பதில் போட்டார்கள். கேட்டது என்ன, சொன்னது என்ன! எங்கள் ஆட்களுக்குப் பிரான்ஸ் என்றால் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் அந்த ஒரு தெருதான்.

எனக்கு ஆர்டெஷ் தெரியும். எந்தக் குகைக்குள் குளிரும், எந்த ஊர்ச் சதுக்கத்தில் பிளேன் மரத்து நிழல் எந்தப் பக்கம் விழும், எந்த மணிக்கூண்டு எப்படி அடிக்கும் என்பது வரை தெரியும். ஆனால் ஒன்றும் எழுதவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். கோபத்தில்தான். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஆறாத கோபம்.

ஜெர்மனியில், பீலெஃபெல்டில் என்னோடு வளர்ந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நமக்கும் இப்போது நரை எட்டிப் பார்க்கிறது. நாம் கதைக்கும் தமிழைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் நாம் பத்து வயதில் பார்த்த உத்தியோகம் அவர்களுக்குத் தெரியாது. வைத்தியரிடம் டெர்மின் என்று குறித்த சந்திப்பு நேரம், வெளிநாட்டவர் அலுவலகம், வீட்டுச் சொந்தக்காரனின் கடிதம், பெற்றோர் கூட்டம், எல்லாவற்றுக்கும் நாம்தானே மொழிபெயர்ப்பாளர். கால் நிலத்தில் எட்டாத கதிரையில் இருந்துகொண்டு பெரியவர்களின் சீவியத்தை இந்தக் காதால் வாங்கி அந்த வாயால் கொடுத்தவர்கள் நாம். ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை. "கெட்டிக்காரப் பிள்ளை" என்று தலையைத் தடவினார்கள்.

நாங்கள் ஆர்டெஷ் போன வருடம், மாரிக் குளிரில் அம்மா ஏழு மாதம். வைத்தியர் ஸ்கேன் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேறு பெரிய ஆள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை. இல்லை என்றேன். குழந்தையின் இதயம் நின்றுவிட்டது என்று அவர் சொன்னார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் சொன்னேன். எனக்குப் பதின்மூன்று இன்னும் முடியவில்லை.

அதன் பிறகு அம்மா ஜன்னல் திரையைத் திறக்கவில்லை. சமைப்பார், உடுப்புத் தோய்ப்பார், ஆனால் கதைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாழ்ப்பாணத்துக்கு ஒரு போன். அங்கே அம்மாவுக்கு மிச்சம் இருந்தது ஒரேயொரு தம்பி, எனக்கு மாமா. சைக்கிள் கடை வைத்திருந்தார். "அக்கோய்" என்று அவர் கத்துகிற கத்தலில் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். அந்தக் கத்தல் கேட்கும்போது மட்டும் அம்மாவின் முகம் கொஞ்சம் பழைய முகமாகும். நான் மாமாவை நேரில் கண்டதில்லை. அவர் என் கணிதப் புள்ளி வரை கேட்டு வைத்திருப்பார்.

அப்பா வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். அவருக்கு ஆர்டெஷில், விடுமுறைக்கு வருபவர்கள் தங்கும் ஒரு முகாம் திடலில் வோன்வாகன் இருந்தது, சக்கரம் வைத்த ஒற்றை அறை வீடு. "உன் மனைவிக்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும்" என்று சொல்லி ஒரு கிழமைக்குச் சாவியைத் தந்தார். அதுவரை நாங்கள் விடுமுறை என்று போனதெல்லாம் கலியாணவீடும் சாமத்தியவீடும்தான். முதல்முறையாக, யாருடைய வீட்டு விசேஷமும் இல்லாமல் ஒரு பயணம்.

என் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்! பள்ளியில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்திருந்தேன். நகர நூலகத்தில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எடுத்து, நீலக் கட்டம் போட்ட கொப்பியில் பட்டியல் எழுதினேன். ஆற்றுக்கு மேலே இயற்கையாக வளைந்து நிற்கும் கல் வளைவு. சதுக்கத்தில் சந்தை கூடும் ஊர். பட்டுப்புழு வளர்த்த பழைய வீடு. சுண்ணாம்புக் குகை. லாவெண்டர் வயல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னப் படம். அம்மா அதை எட்டிப் பார்த்து, "இது என்ன, ஆனையோ?" என்று கேட்டார். அது கல் வளைவு. மாரிக்குப் பிறகு அம்மா தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

சனிக்கிழமை காலை ஆறு மணி. அம்மா நிலவறையில் காய்ந்த உடுப்பு எடுக்கப் போயிருந்தார். அப்பா காரில் அரிசி குக்கரை ஏற்றிக்கொண்டிருந்தார். போன் அடித்தது, நான் எடுத்தேன். மாமாவின் மனைவி, மாமி.

"பிள்ளை, அம்மா நிக்கிறாவோ? மாமாவுக்குக் காமாலை முத்திப்போச்சு, பெரியாஸ்பத்திரியிலை விட்டிருக்கு. அக்காவோடை ஒருக்காக் கதைக்கவேணும் எண்டு கேட்டுக்கொண்டே கிடக்கிறார். வாசலுக்கு எதிரிலை போன் கதைக்கிற கொமினிகேசன் கடை ஒண்டு இருக்கு, நம்பரை எழுது. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அவரை அங்கை கொண்டுவந்து வைச்சிருப்பன் எண்டு அம்மாட்டச் சொல்லு."

கையில் இருந்தது அந்தக் கொப்பிதான். கடைசிப் பக்கத்தில் நம்பரை எழுதினேன். அங்கே நாலு மணி என்றால் இங்கே என்ன மணி என்று கணக்கும் போட்டேன். அந்த வருடங்களில் கோடை வித்தியாசம் சரியாக நாலு மணித்தியாலம். 16 − 4 = 12. கெட்டிக்காரப் பிள்ளை அல்லவா!

அப்பா உள்ளே வந்து ரிசீவரை வாங்கினார். "ஓம்... ஓம்... சரி, எடுக்கிறம்" என்று வைத்துவிட்டு, பெரியப்பாவுக்கு அடித்தார். பெரியப்பா அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்பது அப்பாவின் தலையாட்டலிலேயே தெரிந்தது. போறதைப் போ, வந்து சொல்லலாம். எங்கள் ஊரில் கெட்ட செய்தியைக் கையாளும் முறை அதுதானே. சாப்பிட்ட பிறகு சொல்லுவம், பரீட்சை முடியச் சொல்லுவம், போய் வந்து சொல்லுவம். சம்பந்தப்பட்டவரைத் தவிர உலகத்துக்கே தெரிந்திருக்கும்.

"அம்மாவுக்கு இப்ப சொல்லாதை பிள்ளை" என்றார் அப்பா. "இன்னும் ஒண்டைக் கேட்டா அவ தாங்கமாட்டா. காமாலை எல்லாம் ஒரு வருத்தமே? ஒரு கிழமைதானே. போட்டு வந்து ஆறுதலாச் சொல்லுவம்."

நான் தலையாட்டினேன். அம்மா உடுப்புக் கூடையோடு வந்தார். "ஆர் போனிலை?" என்று கேட்டார். "பிழை நம்பர்" என்றார் அப்பா.

அன்று பகல் பன்னிரண்டுக்கு நாங்கள் நெடுஞ்சாலையோரத் தரிப்பிடம் ஒன்றில் புட்டும் முட்டைப் பொரியலும் தின்றுகொண்டிருந்தோம். ஐரோப்பாவே வெயிலில் வெந்த கோடை அது. காரின் கண்ணாடி சுட்டது. அம்மா தெர்மொஸிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். காரின் மணிக்கூட்டில் 12:00 விழுந்ததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

ஞாயிறு கல் வளைவு. என்னுடைய ஆனை. கீழே ஆறு பச்சையாக ஓடியது, பிரெஞ்சுப் பிள்ளைகள் வள்ளத்தில் வளைவுக்குள் புகுந்து வந்தார்கள். அம்மா சுரிதாரைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒரு கல் வழுக்கி, தொப்பென்று இருந்துவிட்டார். நானும் அப்பாவும் பயந்து ஓடினோம். அம்மா சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர. அப்பா கமராவைத் தூக்கி, "இஞ்சரும், அப்பிடியே இரும், எழும்பாதையும்" என்று கத்தினார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. பின்னால் வளைவு, முன்னால் அம்மா. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருப்பதால் நிழல்கள் காலடியில் குறுகிக் கிடக்கின்றன. என்ன நேரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எழும்பி உடுப்பைப் பிழிந்துகொண்டே அம்மா சொன்னார், "இண்டைக்கு ஞாயிறெல்லே? தம்பிக்கு எடுக்கவேணும்." அப்பாவின் கைத்தொலைபேசி எல்லை தாண்டினால் வேலை செய்யாது என்று அப்பா சொல்லியிருந்தார். அன்று கடைகளும் பூட்டு. "நாளைக்கு ஒரு கார்ட் வாங்கி எடுப்பம்" என்று அம்மாவே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமையைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சந்தை கூடும் ஊர். ஆட்டுப் பாற்கட்டி, வெங்காயப் பின்னல், சோப்பு, எல்லாம் வெயிலில் மணத்தன. அம்மா ஒரு பீச்சம் பழத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "மாம்பழம் எண்டு நினைச்சு வளந்திருக்கும்" என்றார். தேவாலயத்துக்குப் பக்கத்தில் புகையிலைக் கடை. அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். என் பிரெஞ்சில் நானே கேட்டு, வெளிநாட்டுக்குக் கதைக்கும் கார்ட் வாங்கினேன். கடைக்கார மனுசி என் உச்சரிப்பைப் பாராட்டினார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னவாம், என்னவாம்?" என்று கேட்டார். அதை மட்டும் சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

சதுக்கத்தின் மூலையில் கண்ணாடித் தொலைபேசிக் கூண்டு. உள்ளே வெக்கை, சூடான பிளாஸ்டிக் மணம், யாரோ விட்டுப்போன சிகரெட் கட்டை. அம்மாவும் நானும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அம்மாவின் தலையிலிருந்து நல்லெண்ணெய் மணத்தது. கார்ட்டைச் சுரண்டினேன், இரகசிய எண் வந்தது. அழுத்த வேண்டிய முறை முழுக்கப் பிரெஞ்சில். எங்கள் மூவரில் அதை வாசிக்கக்கூடியது நான் ஒருத்திதான். கண்ணாடிக்கு வெளியே அப்பா நின்றார். கையில் வெங்காயப் பின்னல். என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார்.

வீட்டு நம்பருக்கு எடுத்தால்கூடப் பக்கத்து வீட்டார் யாராவது தூக்கி விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள். எப்படி எடுத்தாலும் உண்மை வந்துவிடும். எனக்கு அது தெரிந்தது. இரகசிய எண்ணின் கடைசி இலக்கம் ஏழு. நான் எட்டை அழுத்தினேன்.

ஒரு பெண்ணின் குரல், எண் பிழை, திரும்ப அழுத்தவும் என்றது. அம்மாவும் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

"என்ன சொல்லுறாள்?"

"லைன் கிடைக்கேல்லையாம், அம்மா."

"திரும்பி அடி, ராசாத்தி."

திரும்பி அடித்தேன். எட்டு. மூன்றாம் தரமும் எட்டு. அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. பன்னிரண்டு தரம். கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்து, "இந்தச் சத்தத்திலை லைன் கிடைச்சாலும் கேக்காது" என்றார். மணி ஓய்ந்ததும் ரிசீவரைத் தானே கொளுவினார். நூலகத்துப் புத்தகத்தை அந்தக் கூண்டிலேயே மறந்துவிட்டு வந்தேன். பிறகு அதைத் தேடி யாரும் போகவில்லை.

அன்று பின்னேரம் முகாம் திடலில் நான் அப்பாவிடம் போய், "மாமா பாத்துக்கொண்டிருப்பார் அப்பா" என்றேன். தண்ணீர்க் குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அம்மா சிரிக்கிறதைப் பாத்தனிதானே" என்றார். "அதைக் கெடுக்கப் போறியே?"

பாருங்கள், அதுதான் என்னால் மன்னிக்க முடியாத வசனம். கெடுப்பது நானாம். உண்மையை வைத்திருப்பவள் குற்றவாளி, அதை அமுக்கியவர் பாதுகாவலர். இப்போது எனக்கு அவருடைய அப்போதைய வயதே ஆகிவிட்டது. அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. மாரி முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுசி ஆற்றில் இருந்து சிரிப்பதைக் கண்டவன், அந்தச் சிரிப்பைக் கையில் பொத்தி வைத்திருக்கத்தான் பார்ப்பான். மாமா செத்துப்போவார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அவர் கெட்ட மனுசன் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய் பட்டுப்புழு வீடு. கல்லால் கட்டிய மாடி, தட்டுத் தட்டாக முசுக்கொட்டை இலை, அதன் மேல் வெள்ளைப் புழுக்கள். காதை வைத்தால் அவை இலை தின்னும் சத்தம் கேட்டது. கூட்டைக் கொதிநீரில் போட்டுத்தான் நூல் எடுப்பார்கள் என்று அங்கே இருந்த பெண் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அம்மா குனிந்து புழுக்களைப் பார்த்தார். "என்ரை கூறைச்சேலைக்கு எத்தினை செத்திருக்கும்?" என்று கேட்டார். அப்பா, "அதெல்லாம் இப்ப ஏன்" என்றார்.

திரும்பி வந்து, முகாம் வாசலில் இருந்த கூண்டுக்குள் அம்மா தனியாகப் போனார். நேற்று நான் அழுத்தியதைப் பார்த்து வைத்திருக்கிறார். கார்ட்டில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாக, சுட்டுவிரலால், வாயால் சொல்லிச் சொல்லி அழுத்தினார். எல்லாம் சரி. ஏழும் சரி. ஆனால் முடிவில் # அடையாளம் போட்ட விசையை அழுத்த வேண்டும், அதை அவர் கவனித்திருக்கவில்லை, கார்ட்டில் பிரெஞ்சில்தான் எழுதியிருந்தது. அம்மா காத்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, அடுத்தது என்ன என்று புருவத்தைத் தூக்கினார். நான் தோளைக் குலுக்கினேன். எனக்குத் தெரியாது என்று குலுக்கினேன்.

முந்தின நாள் அப்பா வெளியே நின்று தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை அவர் அந்த இடத்திலேயே இல்லை.

புதன்கிழமை நான் முடிவு செய்துவிட்டேன். குகை வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு கூண்டு இருந்தது. நிறுத்தும்போதே கண்டேன். கொப்பி பைக்குள், கார்ட் என் காற்சட்டைப் பைக்குள். வயிற்று வலி, நான் காரில் இருக்கிறேன் என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கியதாகச் சொல்ல மாட்டேன். விடவில்லை, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான படி, கீழே போகப் போகக் குளிர். அத்தனை படிக்கும் அந்தப் பிடி இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நாங்கள் பூமிக்குக் கீழே நின்றோம். மின்விளக்கு வெளிச்சத்தில் தூண் தூணாகக் கல், எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். அம்மா தலையை அண்ணாந்து பார்த்தபடி சொன்னார், "தம்பி இதைக் கண்டானெண்டா வீட்டை வரமாட்டான். சின்னனிலை நிலாவரைக் கிணத்துக்கை கல்லைக் கட்டிக் கயிறு விட்டுப் பாத்தவன், அடி இருக்கோ எண்டு. போன் கிடைக்கட்டும், சொல்லுறன்." வெளியே வந்து, கல் வளைவின் படம் போட்ட தபால் அட்டை ஒன்று வாங்கினார். மாமாவுக்கு எழுதினார். நாலு வரிதான். கடைசி வரி, 'உன்னை நினைக்காத இடம் இல்லை.'

அந்த அட்டையை வியாழக்கிழமை காலை நான்தான் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, குளியலறைக் கட்டிடத்துக்குப் பின்னால் அப்பா நின்றார். எல்லை தாண்டினால் வேலை செய்யாத கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டு. "எப்ப? விடியவோ?" என்று கேட்டார். பிறகு, "இல்லை அண்ணை, இன்னும் சொல்லேல்லை" என்றார். என்னைக் கண்டதும் போனைக் கீழே இறக்கினார். அவர் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இனியென்ன, சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. நடந்தது நடந்துவிட்டது, இரண்டு நாள் பிந்தினால் என்ன என்பது பெரியப்பாவின் புத்திமதி. அன்று லாவெண்டர் வயல் பார்த்தோம். அறுத்து முடிந்து கட்டை கட்டையாக நின்றது, மணம் மட்டும் மிச்சம். மத்தியானம் ஆற்றங்கரையில் மீன் பொரித்து அம்மா எங்களுக்கு முள் எடுத்துத் தந்தார், தானும் தின்றார். வெள்ளிக்கிழமை மஞ்சள் சுரிதார் போட்டு முகாம் வாசலில் நின்று படம் எடுத்தார். யாழ்ப்பாணத்தில் அவருடைய தம்பியைக் கொண்டுபோய் எரித்த நாள் அது.

சனிக்கிழமை பின்னேரம் பீலெஃபெல்டுக்கு வந்து சேர்ந்தோம். கீழ்த்தட்டில் இருந்த வயதான ஜெர்மன் பெண்மணி கதவைத் திறந்து வெளியே வந்தார். எங்கள் வீட்டுக்கு ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று அவர் கேட்டிருக்க, பெரியம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, "பைலைட்" என்று முடியும் ஒரு வசனம் சொன்னார். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று அர்த்தம்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுறா?"

அப்பா பெட்டிகளோடு முன்னாலே ஏறிப் போய்விட்டார். நான் மட்டும்தான். "சரியான வெக்கையாம், அம்மா" என்றேன்.

அம்மா அந்தப் பெண்மணியைப் பார்த்துச் சிரித்து, "யா, யா" என்று தலையாட்டினார். அந்த மனுசியின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மூன்றாம் மாடி. எங்கள் கதவுக்கு வெளியே செருப்புகள். முப்பது, நாற்பது சோடி, படிக்கட்டு வரை வழிந்து கிடந்தன. சாவி பெரியம்மாவிடம் இருந்தது, பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக. அம்மா அந்தச் செருப்புகளைப் பார்த்தார். நம் ஆட்களுக்குச் செருப்பைப் பார்த்தாலே என்ன வீடென்று தெரியும். ஒரு குதிச் சப்பாத்தும் இல்லை, பிள்ளைகளின் செருப்பும் இல்லை. கையிலிருந்த தெர்மொஸ் விழுந்து, உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது.

"ஆர்?" என்று கேட்டார் அம்மா. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

அழுததை எழுதப் போவதில்லை. ஆனால் இரண்டு நாள் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: "செத்த வீடு நடக்க நான் மீன் மச்சம் திண்டனான். மஞ்சள் சட்டை போட்டு நிண்டு படம் எடுத்தனான்." வந்திருந்த பெண்கள், உனக்காகத்தானே மறைத்தோம் என்று முதுகைத் தடவினார்கள். அந்தக் கைகள் ஒவ்வொன்றையும் தட்டிவிட வேண்டும் போல் எனக்கு இருந்தது. தட்டிவிடவில்லை. எனக்கு என்ன யோக்கியதை?

மூன்றாம் நாள் அம்மா பயணப்பைகளைத் துப்புரவாக்கும்போது என் கொப்பியை எடுத்தார். பட்டியலைப் புரட்டினார், ஆனைப் படத்தில் கொஞ்சம் நின்றார், கடைசிப் பக்கத்துக்கு வந்தார். யாழ்ப்பாண நம்பர் ஒன்று, என் கையெழுத்தில். கீழே 16 − 4 = 12. அம்மாவுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. கழித்தல் தெரியும்.

"நீ லைன் எடுத்தது மெய்யோ?" என்று கேட்டார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். அம்மா கொப்பியை மூடி என் கையில் தந்தார். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து மாமி எடுத்துக் கதைத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார், வீடு முழுக்கக் கேட்டது. "சனி, ஞாயிறு, திங்கள், மூண்டு நாளும் சக்கரக் கதிரையிலை கொண்டுவந்தனாங்கள் மச்சாள். திங்கக்கிழமை அஞ்சரை மட்டும் இருந்தார். அக்கா எடுப்பா, அக்கா எடுப்பா எண்டு. செவ்வாய்க்கிழமை எழுப்பேலாமல் போட்டுது." அப்பா எழுந்து பல்கனிக்குப் போனார். நான் போகவில்லை. திங்கட்கிழமை, பன்னிரண்டு மணி, ஏழு. அந்த ஒரு விசை.

அதன் பிறகு அம்மா என்னை எதையும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. அடுத்த வைத்திய டெர்மினுக்குத் தனியாகப் போனார். ஒரு அகராதி வாங்கினார். மாலை வகுப்பில் சேர்ந்தார். அவர் தானாகத் தேடிப் பிடித்த முதல் ஜெர்மன் சொல் என்னவென்று எனக்குத் தெரியும். அகராதியில் அந்தப் பக்கத்தில், 'பைலைட்' என்பதன் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. கடிதம் வந்தால் நான் கையை நீட்டுவேன். "வேண்டாம், நான் பாக்கிறன்" என்பார். அன்பில்லாமல் இல்லை. சோறு போட்டார், தலை வாரி இழுத்தார், பரீட்சைக்குத் திருநீறு பூசி அனுப்பினார். ஆனால் தன் காதுக்கும் உலகத்துக்கும் நடுவில் என்னை மறுபடி நிற்கவிடவில்லை.

பத்தொன்பது வயதில் ஒருதரம் அப்பாவைக் கேட்டேன், ஏன் என்னைக்கொண்டு செய்தீர்கள் என்று. "நான் உங்களுக்கெண்டுதானே செய்தனான்" என்றார். அதோடு சரி.

போன வருடம் மாசியில் அப்பாவுக்கு இதயம் கைவிட்டது. இங்கேதான், ஆஸ்பத்திரி ஐந்தாம் மாடியில். அம்மா வைத்தியரோடு தானே கதைத்தார், தடுமாறாமல், முழு வசனத்தில். இன்னும் சில நாள்தான் என்று அவர் சொன்னதை அப்பாவின் கட்டிலடியில் இருந்து அப்பாவுக்கே தமிழில் சொன்னார். பெரியப்பா கூடத்தில் நின்று, "ஏன் சொன்னனீர்?" என்று பாய்ந்தார். அம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் தங்கச்சியோடு ஒருதரம் கதைக்க வேண்டுமாம். "பிள்ளை, ஒருக்கா எடுத்துத் தாவன்."

போன் என் கையில்தான் இருந்தது. இப்போது கார்ட் இல்லை, இரகசிய எண் இல்லை, ஒரு பெயரைத் தொட்டால் போதும். நான் தொடவில்லை. பெருவிரல் கண்ணாடிக்கு மேலே நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குள் இரக்கம் ஒரு துளி இல்லை. கொஞ்சம் காத்திருங்கள் அப்பா, அஞ்சரை மட்டும் இருந்து பாருங்கள் என்றுதான் மனம் சொன்னது.

அம்மா எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினார். தானே எடுத்தார். மணி போனது. அந்தப் பக்கம் "அண்ணை" என்று ஒரு குரல் கேட்டதும், போனை அப்பாவின் காதில் வைத்து, தலையணையைச் சரிசெய்து, "கதையுங்கோ" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். சத்தமில்லாமல், அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற அதே நெருக்கத்தில், சொன்னார்:

"லைன் கிடைச்சிட்டுது."